கூத்துப் பள்ளிக்குக் கொடுப்பதென்றால்: மேடையா, திருவிழாவா, வைப்புநிதியா, வாத்தியார் சம்பளமா?

செய்யாறு, வந்தவாசி, உத்திரமேரூர் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வெளியூர் வந்தவர்கள் நாங்கள் பதினொரு பேர். மாதம் ஆளுக்கு ரூ.1,500 போடுவதென்று பேசி வைத்திருக்கிறோம். வருடத்துக்கு ரூ.1,98,000 சேரும். ஊர்ப்பக்கத்தில் பிள்ளைகளுக்குத் தெருக்கூத்து சொல்லித்தரும் ஒரு மையத்துக்கு அதைக் கொடுப்பது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதற்காகக் கொடுப்பது என்பதில்தான் மூன்று மாதமாகப் பேச்சு ஓடியது. ஒருவர் மேடை கட்டலாம் என்றார். ஒருவர் வருடா வருடம் ஒரு கூத்துத் திருவிழா என்றார். வங்கியில் போட்டு வட்டியைக் கொடுக்கலாம் என்றார் மூன்றாமவர். நான் வாத்தியார் சம்பளம் என்றேன். ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்ததில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் வேறு ஊர்க்காரர்களுக்கும் உதவலாம்.

முதலில் கூத்தின் வருடக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் கொடுக்கிற பணம் தப்பான மாதத்தில், தப்பான இடத்துக்குப் போய்ச் சேரும்.

வடதமிழகத்தில் கூத்து திரௌபதி அம்மன் கோயிலோடு பிறந்து வளர்ந்தது. பாரதம் வைத்தால், அதாவது மகாபாரதத் திருவிழா நடத்தினால், பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் துரியோதனன் வீழ்வதை ஆடும் படுகளம், தீமிதி. இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய ஆடுவார்கள். தை, மாசியில் மெல்லத் தொடங்கி, பங்குனியிலிருந்து ஆடி வரை உச்சத்தில் ஓடி, ஆவணியோடு அடங்கிவிடும். புரட்டாசி பிறந்து மழை இறங்கினால் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, ஆட்டத் தேதி கிடையாது, வருமானமும் கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லித்தர நேரம் இருப்பது அந்த மழை மாதங்களில்தான். சீசனில் வாத்தியார் இரவெல்லாம் ஆடிவிட்டுப் பகலில் தூங்குவார், சாயங்காலம் அடுத்த ஊருக்கு வண்டி ஏறுவார். அவரிடம் அடவும் பாட்டும் கற்க ஓய்வான மாதங்கள் வேண்டும். அந்த மாதங்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அதனால் பலர் கூலி வேலைக்கோ கட்டட வேலைக்கோ போய்விடுகிறார்கள், கற்றுத்தரும் காலமும் அதிலேயே கரைந்துவிடுகிறது. நாங்கள் பேசிய நான்கு யோசனைகளையும் இந்த ஓர் உண்மையை வைத்துத்தான் நிறுத்துப் பார்த்தேன்.

மேடை

கட்டடம் கட்டிக் கொடுப்பது எல்லோருக்கும் பிடித்த தர்மம். கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டு வைக்கலாம், ஒரே தடவையில் முடிந்துவிடும். அரசாங்கப் பணத்தையும் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். ஆறு லட்ச ரூபாய் வேலைக்கு நம் பங்கு இரண்டு லட்சம். காகிதத்தில் பார்த்தால் இதைவிட லாபமான வழி இல்லை.

ஆனால் அப்படி வரும் கட்டடம் ஊர்ச்சொத்து. கூத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்க முடியாது. மையத்துக்கே சொந்தமாக வேண்டுமென்றால் நிலம் அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும், பட்டாவைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். வாத்தியாரின் பூர்வீக இடத்தில் கட்டிவிட்டு, அவர் காலத்துக்குப் பிறகு பாகப்பிரிவினையில் அது யாருக்குப் போகும் என்று தெரியாமல் நிற்கக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில், ஊர் பேர் வேண்டாம், பல வருடங்களுக்கு முன்பு நன்கொடையாக ஒரு கலைக்கூடம் கட்டினார்கள். நானும் என் சக்திக்குக் கொடுத்தேன். திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். மின்கட்டணம் கட்டவும் பெருக்கிச் சாவி வைத்துக்கொள்ளவும் யாருக்கும் காசு ஒதுக்கவில்லை. போன வருடம் போனபோது உள்ளே உர மூட்டைகள் அடுக்கியிருந்தன. அந்த ஊர்க்காரர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வாத்தியார் இல்லாத கூடத்தை அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

இன்னொன்றும் உண்டு. கூத்துக்கு மேடை தேவையில்லை. கோயில் முன்னால் நாலு கழி நட்டு, விளக்குக் கட்டி, மூன்று பக்கமும் சனம் உட்கார்ந்தால் அதுதான் களரி. இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வேஷம் வருகிறது. உயரமான சிமென்ட் மேடையில் ஏற்றியதும் ஆடுகிறவனுக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவே இருந்த நெருக்கம் போய்விடுகிறது.

அதே சமயம் கூரையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மழைக் காலத்தில் பயிற்சி நடக்க ஒரு தகரக் கொட்டகை, கட்டைகள் எனப்படும் மர அணிகளையும் துணிமணிகளையும் கரையானும் ஈரமும் அண்டாமல் வைக்க ஓர் அறை, பெண் பிள்ளைகளுக்குக் கதவு சரியாகப் பூட்டும் கழிப்பறை. இந்த மூன்றும் இல்லாத மையத்துக்கு முதல் வருடப் பணத்தை இதற்கே கொடுக்கலாம். கழிப்பறை இல்லையென்றால் வயது வந்த பெண் பிள்ளை பயிற்சியை விட்டு நின்றுவிடுவாள்.

பெரிய அரங்கம் பொருந்திய இடமும் உண்டு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் உள்ள கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இல் தொடங்கியது. பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் அங்கே 2002-இல் குருகுலம் ஒன்றை ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் தங்கிப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துக் கற்றார்கள். கூத்து ஆண்களின் கலையாகவே இருந்துவந்த பகுதியில், பெண் பிள்ளைகளும் அங்கே வேஷம் கட்டி ஆடினார்கள். அப்படிப் பிள்ளைகள் தினமும் புழங்கும் இடத்தில் அரங்கத்துக்கு வேலை இருந்தது.

திருவிழா

இந்த யோசனையைத் தள்ளுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. சிறு வயதில் போர்வையைப் போர்த்திக்கொண்டு கர்ண மோட்சம் பார்த்து, கர்ணன் விழும்போது பாட்டியோடு சேர்ந்து அழுதவன் நான். ஊரில் ஓர் இரவு கூத்து நடந்தால் ஆடுகிறவருக்குக் கூலி கிடைக்கும், பிள்ளைகள் பார்ப்பார்கள், ஊர் கூடும். இதில் தப்பென்று எதுவும் இல்லை.

ஆனால் செலவைப் பிரித்துப் பாருங்கள். ஒலிபெருக்கி, விளக்கு, பந்தல், பேனர், வெளியூரிலிருந்து வரும் விருந்தினருக்கு வண்டி, சாப்பாடு, சால்வை, கேடயம். இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் ஆட்டக்காரர் கைக்கு வரும். கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் போகாது. மறுநாள் காலை பந்தலைப் பிரித்ததும் மையம் முந்தின நாள் இருந்த நிலையிலேயே இருக்கும்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று. பாரதக் கூத்துக்கு ஊர் தானே பணம் போடுகிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலித்து, வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்து ஜமாவை அழைக்கிறார்கள். ஆட்டத்தின் நடுவே பத்து ரூபாயும் ஐம்பது ரூபாயும் அன்பளிப்பு கொடுக்கிறார்கள், கொடுத்தவர் பேரைக் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் உரக்கச் சொல்கிறான். வசதியில்லாத குடும்பமும் தன் பங்கைக் கொடுக்கும் ஏற்பாடு இது. வெளியிலிருந்து நாம் மொத்தமாகப் பணம் கொண்டுபோய் இறக்கினால், 'பட்டணத்துக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று ஊர்வரி நின்றுபோகலாம். நாம் இரண்டு வருடம் கழித்து விலகினால் பழைய வரி திரும்ப வராது. ஊர் சுமக்கிற செலவில் நாம் கை வைக்கக் கூடாது. ஊரால் சுமக்க முடியாத செலவு ஏதென்று தேடிப் போக வேண்டும்.

விழாவுக்கே கொடுப்பது சரியாகிற இடங்களும் இருக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக நடக்கும் நாடக விழாவில் பரம்பரைக் கூத்தும் நவீன நாடகமும் ஒரே களத்தில் விடிய விடிய நடக்கும். அங்கே வளரும் கூத்துப் பிள்ளைகளுக்கு அந்த விழாவே ஒரு பாடம். தஞ்சாவூர் பக்கம் மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் வேறு வகை. அங்கே ஆடுகிறவர்கள் வெவ்வேறு ஊர்களில் வேறு வேலை பார்ப்பவர்கள், அந்த நாட்களுக்காக ஊர் திரும்பி வேஷம் கட்டுகிறவர்கள். கலையே விழாவாக உயிர் வாழும் இடத்தில் விழாவுக்குத்தான் கொடுக்க வேண்டும். எங்கள் பகுதிக் கூத்து அப்படியில்லை. அது சிலருடைய முழுநேரப் பிழைப்பு.

வைப்புநிதி

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் அண்ணன் ஒருவர் சொன்ன யோசனை இது. ஐந்து வருடம் சேர்த்தால் ஏறக்குறைய பத்து லட்சம். ஏழு விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு ரூ.70,000. நாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வந்துகொண்டிருக்கும். "நம்ம காலத்துக்கு அப்புறமும் நிக்கணும் தம்பி" என்றார். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன்.

மாதத்துக்கு அது ரூ.5,800 சொச்சம். இன்றைக்கே ஒரு வாத்தியாரின் வீட்டுச் செலவுக்குப் போதாது. பத்து வருடம் கழித்தும் அதே ரூ.5,800 தான் வரும், அரிசி விலை அதே இடத்தில் நிற்காது. தவிர, சேர்க்கிற அந்த ஐந்து வருடமும் மையத்துக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது. இப்போது அறுபது, அறுபத்தைந்து வயதில் இருக்கும் வாத்தியார்களுக்கு ஐந்து வருடம் என்பது நீண்ட காலம். அவர்களிடம் இருக்கும் பாட்டும் வசனமும் பெரும்பாலும் நோட்டில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது.

நம் முன்னோர் இதை வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. வைகாசித் திருவிழாவில் ராஜராஜேசுவர நாடகம் ஆட, சாந்திக் கூத்தன் ஒருவனுக்கும் அவன் வழியினருக்கும் நாளொன்றுக்கு ஒரு தூணி நெல் என்று, ஆண்டுக்கு 120 கலம் ஒதுக்கியதை அது சொல்கிறது. மூன்று தூணி ஒரு கலம், 360 நாள், 120 கலம், கணக்கு நேராக வருகிறது. ஆட்டம் நடப்பது திருவிழாவில். நெல் அளப்பது வருடம் முழுவதற்கும். நெல்லாகக் கொடுத்ததால் விலைவாசி எப்படிப் போனாலும் கூத்தனின் வயிற்றுக்கு வந்தது குறையவில்லை. ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்த நிபந்தத்தில், அதாவது கோயில் அறக்கட்டளையில், கூத்தாடியின் ஓய்வு மாதங்களையும் யோசித்திருக்கிறார்கள் என்பது என்னை நெகிழ வைக்கிறது.

ஏற்கெனவே நன்றாக நடந்துவரும், கணக்கு வழக்கு சுத்தமாக இருக்கும் மையத்துக்கு, தினசரிச் செலவுக்கு வேறு வழி இருந்தால், வைப்புநிதி நல்லது. அப்போது இது மூலதன நிதிக்கு என்று நாம் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்தால்தான் அறக்கட்டளை அதை வருட வருமானமாக அல்லாமல் மூலதனமாகக் கணக்கில் வைக்க முடியும். எங்கள் பக்கத்து மையங்கள் பெரும்பாலும் அந்த நிலைக்கு வரவில்லை.

பொருளாகக் கொடுப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேட்டுக்கொண்டு வாங்கிக் கொடுங்கள். கடையில் மின்னும் பிளாஸ்டிக் கல் பதித்த கிரீடத்தை ஆசையாக வாங்கிக்கொண்டு போனால், வாத்தியார் மரியாதைக்கு வாங்கி வைத்துக்கொள்வார், ஆடமாட்டார். கிரீடமும் தோளில் அணியும் புஜக்கட்டையும் கனமில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடியும் காகிதமும் ஒட்டிச் செய்வது. அதைச் செய்யத் தெரிந்தவர்களே குறைந்துவருகிறார்கள். அந்தக் கைவேலைக்காரரை ஒரு மாதம் மையத்தில் தங்கவைத்து, இரண்டு பிள்ளைகளைக் கூடவே உட்காரவைத்துச் செய்யச் சொன்னால், கட்டையும் வரும், கட்டை செய்யத் தெரிந்த ஆளும் வருவார். கூத்தில் ஊதும் சிறு குழலான முகவீணையும் அப்படித்தான். வாங்கித் தருவது எளிது, வாசிக்கக் கற்றுத்தர ஆள் பிடிப்பதுதான் கஷ்டம்.

வாத்தியார் சம்பளம்

நான் போட்ட கணக்கு இது. புரட்டாசி முதல் தை வரை ஐந்து மாதம். இரண்டு வாத்தியார்களுக்கு மாதம் ரூ.12,000 வீதம் ரூ.1,20,000. மத்தளக்காரருக்கு மாதம் ரூ.6,000 வீதம் ரூ.30,000. சனி, ஞாயிறு இரண்டு நாளும் 20 பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு, தலைக்கு 50 ரூபாய் என்றால் 20 வாரத்துக்கு ரூ.40,000. மொத்தம் ரூ.1,90,000. மீதி ரூ.8,000 அரிதாரத்துக்கும், தூரத்திலிருந்து வரும் பிள்ளைகளின் பஸ் காசுக்கும். எங்கள் பணம் ஒரு பைசா மிஞ்சாமல் பொருந்துகிறது.

ரூ.12,000 பெரிய சம்பளம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஐந்து மாதம் வாத்தியாரைச் சென்னைக்குக் கட்டட வேலைக்கு அனுப்பாமல் ஊரில் நிறுத்தி வைக்க அது போதும். நான் பேசிப் பார்த்த ஒரு வாத்தியார் இதைத்தான் சொன்னார்: "மேடை எதுக்கு தம்பி? பசங்க வருதுங்க. நான் இருந்தா போதும்."

இதற்கும் குறைகள் உண்டு. சம்பளத்துக்குக் கல்வெட்டு கிடையாது, படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது. முதல் வருடம் போய்ப் பார்த்தால் பிள்ளைகள் அடவு தப்பித் தப்பி ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒரு பிள்ளை திரைக்குப் பின்னாலிருந்து தனியாகப் பாடி வர இரண்டு மூன்று வருடம் ஆகும். கொடுக்கிறவருக்கு அவ்வளவு பொறுமை வேண்டும். பெரிய ஆபத்து, பாதியில் நிறுத்துவது. நம் பணத்தை நம்பி ஒருவர் கட்டட வேலையை விட்டு வந்த பிறகு, நமக்கு ஆர்வம் குறைந்து நின்றால், கொடுக்காமலே இருந்ததைவிட அது பாவம். அதனால் மூன்று வருடத்துக்குக் குறையாமல் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், நிறுத்துவதானால் ஒரு வருடம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்றேன். புஞ்சரசந்தாங்கல் குருகுலம் 2020 வரை 18 வருடம் நடந்தது. ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் உருவாக அத்தனை காலம் பிடிக்கிறது.

கணக்குக் கேட்பதிலும் அளவு வேண்டும். ஒவ்வொரு டீச் செலவுக்கும் ரசீது கேட்டால் வாத்தியார் குமாஸ்தா ஆகிவிடுவார். பிள்ளைகளின் வருகைப் பதிவேடு, சம்பளம் வாங்கிய கையெழுத்து, வருடக் கடைசியில் தணிக்கைக் கணக்கு. எங்களுக்கு இது போதும்.

சட்டமும் வரியும்

மையம் பதிவு செய்த அறக்கட்டளையாக இருந்து நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி அனுமதி பெற்றிருந்தால், கொடுத்ததில் பாதியை வரிக்கான வருமானத்தில் கழிக்கலாம். மொத்த வருமானத்தில் பத்து விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு. ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. எங்கள் பதினொரு பேரில் பலர் புதிய முறைக்குப் போய்விட்டார்கள், ஆகவே இதை வைத்து நாங்கள் முடிவெடுக்கவில்லை. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் வேறு, ரசீதில் எதைக் குறித்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வாங்கும் மையத்துக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் பணிக்காக 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். கிராமத்து மையங்கள் பலவற்றால் இதை எட்ட முடியாது. பதிவு இல்லாத மையத்துக்கு அன்பில் அனுப்பிய பணம் அந்த வாத்தியாரையே சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். எங்கள் குழுவில் ஒருவர் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கியவர். அவர் பணம் போடாமல் வேறு வேலை எடுத்துக்கொண்டார். வாத்தியார்களின் பாட்டையும் வசனத்தையும் பதிவு செய்து, கேட்டுக் கேட்டு எழுதித் தருகிறார். பத்துப் பேராகச் சுமந்தாலும் தொகை குறையக் கூடாதென்று மற்றவர்கள் ஆளுக்கு ரூ.1,650 ஆக்கிக்கொண்டோம்.

பணமே இல்லாதவர் செய்யக்கூடிய உதவியும் ஒன்று இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. அதில் உறுப்பினராகாத ஆட்டக்காரர்கள் இன்னும் கிராமங்களில் இருக்கிறார்கள். விண்ணப்பம் நிரப்பவும், சான்றுகள் சேர்க்கவும், அலுவலகத்துக்குக் கூடப் போகவும் படித்த பிள்ளை ஒன்று ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

எங்கள் முடிவு இப்படி. மூன்று வருடத்துக்கு வாத்தியார் சம்பளம், பிள்ளைகள் சாப்பாடு. மேடை கேட்டவருக்காகக் கழிப்பறையும் சாமான் அறையும் சேர்ந்தது. அதற்கு ஒரு தடவை தனியாக வசூலிக்கிறோம், பட்டாவைப் பார்த்த பிறகு. திருவிழா கேட்டவருக்காக மூன்றாம் வருட முடிவில் பிள்ளைகளின் அரங்கேற்றம், ஊர்வரியோடு சேர்த்து, ஊர் விரும்பினால். வைப்புநிதி கேட்ட அண்ணன் மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. மூன்று வருடம் கழித்து அதை மறுபடி எடுக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறோம். முதல் தவணை ஆவணி கடைசியில் போகும், வாத்தியார் வேறு வேலைக்குச் சொல்லிவைப்பதற்கு முன்னால்.